கிராங்கில் ஒட்டியிருந்த ரோஸ் நிறம்

என் அக்காவை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவள். ஆயிரம் தாளை அடுக்கி வைத்தாலும் ஒரு தாள் பிதுங்கி நிற்பதைக் கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஆள் அவள் புருஷன், என் மாமா. அதனால்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

முப்பத்தெட்டு வயதில் ரேஸ் சைக்கிள் வாங்கினாள். சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன வருஷம் இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் போட்டியில் நூற்று நாற்பதாவது கிலோமீட்டரில் விழுந்து காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாமாதான் தலை வாரிவிட்டார், ஊட்டிவிட்டார். மிச்சமிருந்த அறுபது கிலோமீட்டர் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த வருஷமும் பெயர் கொடுத்தாள். "போய் முடிச்சிட்டு வா" என்று சொன்னவரும் மாமாதான்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. மிதிக்கும்போது கறகறவென்று சத்தம் வந்தது. அடியிலிருக்கும் பேரிங் தேய்ந்துவிட்டது. புதுசு வாங்கி இரண்டு வாரமாக அலமாரியில் வைத்திருந்தாள். அதை மாற்ற, பெடலைத் தாங்கும் கிராங்குகளை முதலில் கழற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு என்னையும் கூப்பிட்டாள். வலது கிராங்க், அதை இழுத்துக் கழற்றுகிற புல்லரை மரையில் பூட்டி முறுக்கியதும் பேசாமல் வந்துவிட்டது. இடது பக்கத்தது இடித்த புளி மாதிரி இருந்தது.

மூன்று பேரும் ஒரு கை பார்த்தோம். மாமா சைக்கிளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். அக்கா ஸ்பேனரில் தன் எடை முழுவதையும் போட்டாள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினோம். கட்டையை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். "இன்னொரு தடவை மாப்ள, விட்டுடாதே" என்று மாமா என்னைத் தட்டிக்கொடுத்தார். கடைசியில் புல்லர் கிராங்கின் மரையைப் பிய்த்துக்கொண்டு தனியாக வந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மாமா அவள் முதுகைத் தடவினார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா."

அடுத்த வருஷம் என்றதும் அவள் எழுந்து ரம்பத்தை எடுத்தாள். "அறுத்துடலாம். பழைய கிராங்க் ஒண்ணு இருக்கு."

"வேணாம், அச்சு போயிடும்."

"அச்சும் பேரிங்கோட சேர்ந்து மாறத்தானே போகுது."

முக்கால் மணி நேரம் அறுத்தோம். கிராங்க் பிளந்து விழுந்தது. அச்சின் நாலு பக்கமும் ரோஸ் நிறத்தில் ஏதோ கல்லாக இறுகியிருந்தது. அக்கா நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அந்த நிறம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாமா பல்செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறவர். ஈறு வார்க்கிற கலவை அது. கப்பின் கைப்பிடி, கடிகாரம், குடைக்காம்பு எல்லாவற்றையும் அதைக் கொண்டுதான் ஒட்டுவார். வீட்டில் பாதிச் சாமானுக்கு ஈறு முளைத்திருக்கிறது என்று நானே கேலி செய்திருக்கிறேன். கள்ளத்தனத்துக்குக்கூட அந்த மனுஷனுக்கு வேறு பசை கிடைக்கவில்லை.

அக்கா கத்தவில்லை. "எப்ப?"

"போன வாரம். நீ வேலைக்குப் போயிருந்தப்ப, உன் புல்லரை வச்சே கழட்டி..." மாமா தரையைப் பார்த்தபடி சொன்னார். "மறுபடி விழுந்துடுவியோன்னு பயம்."

"போகாதேன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். அது வேற." கையிலிருந்த ரம்பத்தைக் கீழே வைத்தாள். "மத்தியானம் பூரா என்கூட சேர்ந்து இழுத்தீங்களே, அப்ப மனசுக்குள்ள என்ன நெனச்சுக்கிட்டு இருந்தீங்க?"

"கழண்டு வந்துடக் கூடாதுன்னு."

அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. அவள் விழுந்துவிடுவாளோ என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் என் உள்ளங்கை கொப்பளிக்கும்வரை சுத்தியல் பிடிக்க வைத்து, வீண் வேலை என்று தெரிந்தே தட்டிக்கொடுத்தாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை அக்காவே பேரிங்கை மாட்டி, பழைய கிராங்கைப் பூட்டினாள். மாமாவைக் கிட்டவே விடவில்லை. ஞாயிறு காலை கிளம்புமுன் பிரேக் கம்பி, சக்கரம், ஹேண்டில்பார் என்று ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கதவோரம் நின்றிருந்த மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பிரேக் சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"நீங்க தொடலைன்னா சரியாத்தான் இருக்கும். தொட்டீங்களா?"

மாமா இல்லை என்று தலையாட்டினார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, மூன்றாவது தடவையாகப் பார்க்க ஆரம்பித்தாள்.