டீ வேணுமா என்றாலும் யோசிப்பவர்

கள்ளக்குறிச்சியில் ஒரு மனநல டாக்டரின் அறை வாசலில் எனக்கு முன்னால் நின்றவர் கல்வராயன்மலைக்காரர். நாற்பது வயதிருக்கும். உச்சி வெயிலிலும் கழுத்தில் மப்ளர். எதற்கும் உடனே பதில் சொல்லமாட்டார். "டீ சாப்புட்றீங்களாண்ணே?" என்றதற்கே ஒரு நிமிடம் யோசித்தார்.

அவர் உள்ளே போனதும், "நல்லா இருக்கியாப்பா?" என்று டாக்டர் விசாரித்தது வெளியே கேட்டது. வரிசையே சலித்துக்கொள்ளும்வரை யோசித்துவிட்டுச் சொன்னார்: "செவ்வாக்கெழம வரைக்கும் நல்லா இருந்தேம்மா. புதங்கெழம ஆட்டுக்குத் தழ ஒடிக்கக்கூட எழுந்திருக்க முடில. நேத்து ஒடிச்சிட்டேன்."

அடுத்து நான். காலேஜ் முடிந்ததிலிருந்து எதிலும் பிடிப்பில்லை, மூன்று வாரமாகத் தூக்கமில்லை. டாக்டர் கேட்டதும் அரை நொடியில், "சூப்பரா இருக்கேன் மேடம், தூக்கம்லாம் ஓகே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த மப்ளர்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார். "சூப்பரா இருக்கறவன் இன்னாத்துக்குய்யா இம்மா நேரம் நின்னுக்கினு இருந்த?"

மலை பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். எங்கள் இருவரில் தன் மனசோடு பழக்கமுள்ளவர் அவர்தான் என்று தோன்றியது.

மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போனேன்.

"இப்பத்தானே உள்ள போய்ட்டு வந்த?" என்றார் முன்னால் நின்ற அக்கா.

"பொய் சொல்ட்டு வந்துட்டேங்க்கா."