மூட்டைக் கட்சி பண்டாரவளைக்குப் போனது

பண்டாரவளை என்ற பெயரைக் கேட்டாலே ஒரு காலத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஊர்க் குளிர், அங்கிருந்து வருகிற காய்கறிக் கூடை, அந்தப் பாதையில் இறங்கி வருகிற மாட்டுவண்டிகளின் மணிச் சத்தம், எதுவுமே எனக்கு ஆகாது. எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. ஒரு ஊரை மனதார வெறுப்பதற்கு அந்த வயது தாராளமாகப் போதும்.

எங்கள் ஜவுளிக்கடை பதுளைக் கடைவீதியில் இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரவேலி, அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய வெளி. எங்களுக்கு அடுத்தது அரிசிக்கடை. சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களில் பாதிக்கு அங்கிருந்துதான் அரிசி போகும். ரயில் அந்தக் காலத்தில் பண்டாரவளையோடு நின்றுவிடும். மூட்டைகள் அங்கே இறங்கி, மாட்டுவண்டி ஏறி, மலைப்பாதையில் ஆடி அசைந்து எங்கள் ஊருக்கு வந்து சேரும். அவற்றை இறக்கி அடுக்க அரிசிக்கடை முதலாளி எட்டுப் பத்து ஆட்களை வைத்திருந்தார். கடைக்குள்ளேயே சாப்பாடு, மூட்டைகளுக்கு நடுவிலேயே படுக்கை. பகலெல்லாம் மூட்டை சுமந்தவர்கள் சாயங்காலம் ஓய்ந்து உட்காருவார்கள் என்று பார்த்தால், வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு அந்த வெளியில் சடுகுடு ஆட இறங்கிவிடுவார்கள். ஊர் அவர்களுக்கு வைத்த பெயர் மூட்டைக் கட்சி.

மூட்டைக் கட்சி தோற்று நான் பார்த்ததில்லை. சித்திரை வருஷப் பிறப்புக்கு மறுநாள் பண்டாரவளைக் கட்சி வண்டி கட்டிக்கொண்டு வரும், தோற்கும், சாப்பிட்டுவிட்டுப் போகும். அதுதான் வழக்கம். அன்று தோட்டங்களிலிருந்து ஆணும் பெண்ணுமாகச் சனம் புதுத்துணி உடுத்திக்கொண்டு காலையிலேயே மலையிறங்கி வந்துவிடும். சிங்களப் பாண்காரர் ரொட்டிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவருடைய மொழியில் எங்கள் கட்சிக்காகக் கத்துவார். ஜெயித்தவர்களுக்கு எங்கள் கடையிலிருந்து சிவப்புத் தலைப்பாகை போகும். அதை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிவிடுகிற உரிமை என் சித்தப்பாவுடையது. கடையில் அவர் செய்த வேலைகளிலேயே உற்சாகமாகச் செய்தது அது ஒன்றைத்தான். அப்பா வெளிப்பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். முதலாளி என்றால் கல்லாவில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

கட்சியின் பெரிய வீரரை நாங்கள் பிள்ளைகள் மூட்டையண்ணன் என்போம். தொண்டை கரகரத்த மனிதர். அவர் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினால், ஈரச்சாக்கைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம் வரும்.

இந்தச் சத்தத்தை ஊரில் எல்லாரையும்விட நன்றாக அறிந்தவள் என் அம்மா. அவள் ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்த்தவள் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் கடைப்பக்கத்துத் திரையைத் தாண்டவே கூடாது, பிறகு வெளிக்குப் போவது எங்கே? ஆனால் ஆட்டம் நடக்கிற நேரத்தில் பார்த்து அம்மாவுக்குத் தகரவேலி ஓரமாகப் பாத்திரம் தேய்க்கிற வேலை வந்துவிடும். தேய்த்த பாத்திரமே மறுபடி தேய்படும். சின்னப்பெண்ணான எனக்கு அந்தத் தடை இல்லை. நான் வேலி இடுக்கில் நுழைந்து ஓடிப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க வந்து, "மூட்டையண்ணன் மூணு பேரத் தொட்டுட்டாரும்மா" என்பேன்.

"நாலு பேரு. கடைசி ஆளு விழுந்த சத்தம் கேட்டுச்சே" என்பாள் தலையைத் தூக்காமல். போய்ப் பார்த்தால் நாலு பேர்தான் ஆட்டத்தில் செத்து வெளியே உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தக் கட்சிதான் போயிற்று. அரிசிக்கடை முதலாளிக்கு ஒரு நாள் புத்தி தெளிந்தது. மூட்டையைப் பண்டாரவளையில் இறக்கி, பதுளைக்கு வண்டி கட்டி, இங்கிருந்து மறுபடி தோட்டங்களுக்கு மலையேற்றுவானேன்? ரயிலடியிலேயே கடையைப் போட்டால் ஆயிற்று. கணக்குச் சரியானதுதான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லாததால் கடைவீதிக்கு ஆத்திரம் இன்னும் அதிகமாக வந்தது. கடை போனால் ஆட்களும் போகத்தானே வேண்டும்? சோறு அங்கே அல்லவா இருக்கிறது?

புறப்படுகிற நாளன்று அவர்கள் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று சித்தப்பா கதவைச் சாத்திக்கொண்டார். வண்டிகள் நகர்ந்ததும் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். ஆற்றுப் பாலம் வரைக்கும் வண்டியோடு கூடவே நடந்து, "நன்றிகெட்ட பயலுகளா, நல்லா இருப்பீங்களாடா" என்று திட்டிக்கொண்டே போனாராம். திட்டிக்கொண்டே ஒரு பொட்டலம் முறுக்கையும் வண்டிக்குள் வைத்தாராம். திரும்பி வந்தவர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. முடிவெட்டுகிறவர், ஆட்டத்துக்கு முன்னால் கட்சிக்கெல்லாம் காசில்லாமல் சவரம் செய்கிறவர், அந்த மாதம் முழுக்க எங்கோ பார்த்துக்கொண்டே கத்தி பிடித்தார். கடைவீதியில் பாதிப் பேர் தாடையில் கீறலோடு திரிந்தார்கள். யாரும் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை.

தோட்டத்துச் சனங்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல இறங்கி வந்து, வெளியைச் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். வெளியில் ஒரு மாடு மேய்ந்துகொண்டிருந்தது. யாரோ போய் விஷயத்தைச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கடையிலும் ஏறாமல் மலையேறிப் போய்விட்டார்கள். அதுவரை துக்கப்படாமல் இருந்த கடைக்காரர்களுக்கும் அன்று உண்மையான துக்கம் வந்தது.

அம்மா பாத்திரங்களை ஒரே தடவை தேய்த்து உள்ளே எடுத்துப் போய்விடுவாள். எனக்கு ஓடி வந்து சொல்ல ஒரு சேதியும் இல்லாமல் போயிற்று. சாயங்காலம் என்ற ஒன்று எதற்கு இருக்கிறது என்றே எனக்கு விளங்கவில்லை. வேலி இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

சித்தப்பா சும்மா இருக்கவில்லை. பதுளைக்கென்று ஒரு புதுக் கட்சி சேர்த்தார். முடிவெட்டுகிறவர், எங்கள் கடைத் தையற்காரர், இன்னும் ஊரில் எஞ்சியிருந்த நாலைந்து பேர், எல்லாருக்கும் தலைவராகச் சித்தப்பாவின் தொந்தி. பாடிக்கொண்டு போனால் பாதி வழியில் மூச்சு முடிந்துவிடும். மீதி வழிக்கு இருமல்தான். தையற்காரர் மிதியடி இல்லாமல் மண்ணில் கால் வைக்கவே யோசிப்பார்.

மறு சித்திரை வந்தது. பண்டாரவளைக் கட்சி வருகிறதாம். வருவது யார் என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். சித்தப்பா கடை கடையாக ஏறி இறங்கி ஒரு கட்டுப்பாடு போட்டார். அவர்கள் ஆடும்போது பதுளையில் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. கைதட்டக் கூடாது, திட்டவும் கூடாது. ஊரை விட்டுப் போனவர்களுக்கு ஊர் செத்துவிட்டது என்று தெரிய வேண்டும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டுக்குள் கட்டுப்பாட்டை நிறைவேற்றுகிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

"நீயும் வாய் தொறக்கக் கூடாதும்மா."

"நான் என்னைக்குடி வாய் தொறந்தேன்?" என்று அம்மா சிரித்தாள்.

அன்று வெளியில் அத்தனை சனம். தோட்டத்துப் பெண்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். மூட்டைக் கட்சி வண்டியிலிருந்து இறங்கி, சிரித்த முகத்தோடு எங்களைப் பார்த்தது. நாங்கள் பார்க்காதது போலப் பார்த்தோம். மூட்டையண்ணன் முடிவெட்டுகிறவரிடம் வந்து, "என்னண்ணே, சௌக்கியமா?" என்றார். முடிவெட்டுகிறவர் வானத்தைப் பார்த்தார், மழை வருமா என்று.

ஆட்டம் ஆரம்பித்தது. மூட்டையண்ணன் பாடிக்கொண்டு எங்கள் பக்கம் நுழைந்தார். அந்தக் கரகரப்பு அப்படியே இருந்தது. ஆனால் சுற்றிலும் சத்தமே இல்லாத இடத்தில் அது ஒரு தனி மனிதனின் மூச்சாகக் கேட்டது. வழக்கமாக அவர் பாட்டைச் சனத்தின் கூச்சல் தூக்கிக்கொண்டு போகும். அன்று அவரேதான் அதைச் சுமக்க வேண்டியிருந்தது. தையற்காரர் இடுப்பைப் பிடித்தார். முடிவெட்டுகிறவர் ஒரு காலையும் சித்தப்பா இன்னொரு காலையும் கட்டிக்கொண்டார்கள். முன்னெல்லாம் இப்படி மூன்று பேரைத் துணிமூட்டை மாதிரி இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். அன்று கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் விழுந்தார். கை நீட்டினார், எட்டவில்லை. பாட்டு இழுத்து இழுத்து மெலிந்தது. அவர் கண் சனத்தைச் சுற்றி வந்ததை நான் பார்த்தேன். ஒருத்தரும் அசையவில்லை.

அப்போது தகரவேலிக்குப் பின்னாலிருந்து குலவை எழுந்தது.

அது யார் குரல் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பொங்கல் பானை பொங்கும்போது மட்டும், அதுவும் அடக்கமாகக் கேட்கிற குரல். அன்று அதில் அடக்கம் எதுவும் இல்லை. நாக்கு சுழல, ஒரே மூச்சில், வேலிக்கு மேலே ஏறி வெளி முழுக்கப் பரவியது. கீழே மூட்டையண்ணனின் மூச்சு, மேலே அம்மாவின் மூச்சு, இரண்டும் விடவில்லை. தோட்டத்துப் பெண்கள் முதலில் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் குலவையிட்டார்கள். பாண்காரர் கூவினார், யாரோ சீட்டியடித்தார்கள், அதற்குப் பிறகு யார் என்ன செய்தார்கள் என்று சொல்ல முடியாது. மூட்டையண்ணன் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுவிட்டார். அவர் காலைக் கட்டிக்கொண்டு மண்ணில் கிடந்த சித்தப்பா, தான் எந்தக் கட்சி என்பதையே மறந்து, "அடி சக்கை, என் சிங்கமே!" என்று கத்தினார்.

பதுளை படுதோல்வி அடைந்தது. அன்றுபோல் ஊர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் தலைப்பாகை கிடையாது என்று சித்தப்பா முன்பே சொல்லியிருந்தார். ஆட்டம் முடிந்தபோது அப்பா கடையிலிருந்து ஒரு அடுக்குச் சிவப்புத் துணியோடு வெளியே வந்தார். அவரை அந்த வெளியில் நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். மூட்டையண்ணன் தலையில் அவரே கட்டிவிட்டு, "அங்க சாப்பாடெல்லாம் ஒழுங்கா கெடைக்குதா?" என்று கேட்டார்.

"கெடைக்குதுங்க முதலாளி. குளிருதான் தாங்கல" என்றார் மூட்டையண்ணன். பிறகு எங்கள் தகரவேலியின் பக்கம் திரும்பி, யார் என்று தெரியாமலேயே, இரண்டு கைகளையும் கூப்பினார்.

சாப்பாட்டு வேளையில் சித்தப்பாவுக்கு ஆட்ட மயக்கம் தெளிந்துவிட்டது. அண்ணியை நேரே கேட்க முடியாதல்லவா? சுவரைப் பார்த்துப் பேசினார். "குடும்பப் பொம்பளைங்க சத்தம் கடைவீதி வரைக்கும் கேக்குறது அழகா? அதுவும் ஊர விட்டுப் போனவனுகளுக்கு!"

அம்மா என்னைக் கூப்பிட்டாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "உங்க சித்தப்பாகிட்ட கேளும்மா, அவரு பதுளையிலயா பொறந்தாரு? கடலத் தாண்டி வந்து கடை வச்சிருக்கவங்க, பக்கத்து மலைக்குப் போனவங்களப் போயி இப்படிப் பேசலாமா?"

சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அவனுக்குக் கொழம்பு ஊத்து" என்றார் அப்பா. விஷயம் அதோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. கட்டுப்பாட்டை மீறியது என் வீட்டு ஆள் அல்லவா? அம்மா இலைகளை எடுக்கும்போது பின்னாலேயே போய்ச் சண்டை பிடித்தேன். "அவங்கதானம்மா நம்மள விட்டுட்டுப் போனாங்க? அவங்களுக்குப் போயி எதுக்குக் குலவ போட்ட?"

"போனவங்க திரும்பி வரும்போது, வாங்கன்னு ஒரு சத்தமாச்சும் கேக்கணும்டி. இல்லாட்டி எந்த ஊருன்னு வந்து எறங்குவாங்க?" என்றாள்.

சில வருடங்கள் கழித்து என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். எந்த ஊரில் என்று கேட்டால் எனக்கே சிரிப்பு வருகிறது. பண்டாரவளையில்தான். அடுத்த சித்திரைக்கு வண்டியில் பதுளைக்கு வந்தேன். "பண்டாரவளப் பொண்ணு வருது டோய்" என்று முடிவெட்டுகிறவர் கத்தியும் கையுமாக வாசலில் நின்று கேலி செய்தார். பிறந்த ஊருக்குள் விருந்தாளியாக நுழைந்தேன். வண்டி இன்னும் நிற்கவில்லை. கடைத் திரைக்குப் பின்னாலிருந்து குலவை கேட்டது, அதே குரல், அதே மூச்சு. நான் அழுதுகொண்டே இறங்கினேன்.

அம்மா சின்னப்பெண்ணாகக் கப்பலேறி வந்தவள். திரும்பி ஒருமுறைகூடப் போனதில்லை. அக்கரையிலிருந்து யாராவது புதிதாக வந்தால், அவளுடைய ஊர்ப் பக்கம் மழை உண்டா என்று திரைக்குப் பின்னால் இருந்து கேட்கச் சொல்வாள். நான்தான் போய்க் கேட்டு வந்து சொல்வேன். அன்று நானாக இருந்த அந்தப் பிள்ளைக்கு அது என்ன கேள்வி என்று தெரியாது. இலை எடுத்துக்கொண்டே அம்மா சொன்னதும் சடுகுடுவைப் பற்றித்தான் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது.