ஆயுட்காலம் என்ற கட்டத்தில் நான் போட்ட எண்

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசில் நான் கிளார்க். ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருந்தபோது, கையிலிருக்கும் சேமிப்பு எத்தனை வயது வரை தாங்கும் என்று பார்க்க, இணையத்தில் அதற்கென்று இருந்த ஒரு பக்கத்தைப் போனில் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த பிறகு. ஜன்னலோரம் மட்டுந்தான் சிக்னல் கிடைக்கும்.

வயது, சேமிப்பு, மாதச் செலவு. இவ்வளவுதான் என்னைக் கேட்டது. மீதியை அதுவே நிரப்பி வைத்திருந்தது. வேலை முடிந்ததும் செலவு குறையும் என்று எடுத்துக்கொண்டது. எங்களுக்கோ அது ஏறத்தான் போகிறது. இருப்பது எஸ்டேட் குவார்ட்டர்ஸ்; ரிட்டயர் ஆனால் காலி செய்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக வாடகை கொடுக்க வேண்டும். விலைவாசி வருடாவருடம் ஒரே அளவில் ஏறும் என்றது, அரிசிக்கும் மருந்துக்கும் சேர்த்து. ஃபேக்டரியில் வேலை பார்த்த என் கணவர் இதய ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில்தான் இருக்கிறார். அவருடைய மருந்து பில் அரிசியைப் போல ஏறவில்லை.

வாடகையைச் சேர்த்துப் போட்டதும், பணம் பாதியில் தீர்ந்துவிடும் என்று திரை சிவப்பாகிவிட்டது. கடைசியில் ஆயுட்காலம் என்று ஒரு கட்டம். இருவருக்கும் எண்பத்தைந்து என்று இருந்தது. அவருடையதை எழுபது ஆக்கினேன். பச்சை வந்தது. ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாகவே இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

அவர் டீ டம்ளரோடு பின்னால் நின்றிருந்தார்.

"எனக்கு எழுபதா?"

"சும்மா மாத்திப் பார்த்தேனுங்க."

"உன்னுது எண்பத்தஞ்சேதான் இருக்குது."

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். அதை அவர் மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

மாதக் கடைசியில் மருந்து வாங்கப் புறப்பட்டபோது அலமாரியில் மாத்திரை ஏறக்குறைய பாதி மிச்சமிருந்தது. அட்டையை அவர் முன்னால் வைத்தேன்.

"ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கறேன். மருந்துச் செலவு குறைஞ்சா உன் கணக்கு சரியா வருமில்ல?"

குரலில் கோபமே இல்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அன்றே அவரைக் கோத்தகிரிக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். பிரஷர் ஏறியிருந்தது. நல்லவேளை, அதோடு போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்தப் பக்கத்தைத் திறந்து, இருவருக்கும் தொண்ணூறு என்று போட்டேன். மறுபடியும் சிவப்பு; முன்னைவிட அதிகமாகத் துண்டு விழுந்தது.

"இருந்துட்டுப் போவுது," என்றார்.

மறுநாள் மேனேஜரிடம் எக்ஸ்டென்ஷன் கேட்டேன். ஒரு வருடம் கொடுத்தார். அதற்கப்புறம் மேட்டுப்பாளையம்தான் என்று முடிவு செய்து, போன வாரம் வீடு பார்க்கப் போனோம். வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, சட்டை முழுக்க நனைந்துவிட்டது. நான் வீட்டுக்கார அம்மாவிடம் வாடகையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, இங்கிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரமுங்க?" என்று அவர் நடுவில் கேட்டார்.