பதினாலாவது லெவல்

ஈவ்லின் வலது தொடையில் ஆள்காட்டி விரலால் ஒருமுறை தட்டுகிறாள். பிறகு, "பதினாலு… பதிமூணு…" என்று உதட்டுக்குள் எண்ணுகிறாள். மாரிக்குப்பத்தில் காலை ரயில் கிளம்பும் முன் தினமும் இந்த ஒத்திகை உண்டு. எதிரே இருப்பவர்கள் ஜெபம் என்று நினைக்கிறார்கள்.

வயது நாற்பத்திரண்டு. வீடு ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், பெங்களூர் தையல் ஆலையில் சட்டைக்குக் காலர் வைக்கும் வேலை. தம்பி இறந்த நான்காம் மாதம் வலிப்பு தொடங்கியது. இரண்டு வருடம் மாத்திரை தின்றும் குறையவில்லை. பிறகு தலையில் ஒயர் ஒட்டிப் படம்பிடித்துப் பார்த்த டாக்டர், இது காக்காய் வலிப்பு இல்லை, நடிப்பும் இல்லை, மனத்தின் பாரம் உடம்பு வழியாக வெளியே வருகிறது என்றார்.

மனநல ஆலோசகர் அக்ஷயா ஒரு தாளை நீட்டி, பயம் பத்துக்கு எத்தனை என்று கேட்டார்.

"பத்துக்குன்னா இன்னா மேடம், பரீட்சையா?"

ஈவ்லினின் அப்பா தங்கச் சுரங்கத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணியடித்தவர். ஓடும் கேஜை நிறுத்த ஒற்றை அடி போதும்; லெவல் எண் கூடக்கூட ஆழம் கூடும். ஈவ்லின் இதைச் சொன்னதும் அக்ஷயா தாளை மடித்து வைத்தார்.

"சரி, இப்போ எந்த லெவல்ல இருக்கீங்க?"

"பதினாலாவது. காது அடைக்குது. விரலு மரத்துகினு வருது."

அன்றிலிருந்து அதுதான் சிகிச்சை. விரல் மரத்தால் ஒரு தட்டு: நிறுத்து. பிறகு ஒவ்வொரு லெவலாக மேலே; லெவலுக்கு ஒன்றாகக் கண்ணெதிரே உள்ள பொருளின் பெயர்.

மார்ச்சில் பதினோரு முறை விழுந்தாள், ஆகஸ்டில் இரண்டு. அப்படியும் கணவன் எரிக், தன் ஷிப்டை விட்டுவிட்டுக் கூடவே வந்தான்.

"வுழுந்தா எவன் தூக்குவான்?"

"நான் இன்னா கொயந்தையா? திங்கக்கெழம தனியா போறேன். வழியில வுழுந்தா வேலைய வுட்டுர்றேன், போதுமா?"

அந்தத் திங்கட்கிழமை, பங்காரப்பேட்டை தாண்டியதும் விரல் மரத்தது. கண் நிலைகுத்தியது. கீரைக்கூடையோடு பக்கத்தில் இருந்த பூதிகோட்டை வெங்கடம்மா, இடுப்புச் சாவிக்கொத்தை உருவி அவள் கையில் திணித்தாள்.

"அய்யய்யோ, பிட்ஸு! இரும்பு இரும்பு, கெட்டியா புடிம்மா!"

ஒரு தட்டு. பதினாலு, கீரை. பதிமூணு, சாவி. பன்னெண்டு, ஜன்னல் கம்பி. ஏழாவது லெவலில் கை உதறத் தொடங்கியது. மறுபடி ஒரு தட்டு. ஆறு, வெங்கடம்மாவின் மூக்குத்தி. மேலே வந்து சேர இரண்டு ஸ்டேஷன் ஆயிற்று. விழவில்லை.

"இரும்பு கேட்டுச்சு பாத்தியா!" என்றாள் வெங்கடம்மா.

ஈவ்லின் மறுக்கவில்லை. சாவிக்கொத்தில் பட்டிருந்த தன் வியர்வையைத் துப்பட்டாவால் துடைத்து, அதை வெங்கடம்மாவின் இடுப்பிலேயே திரும்பச் செருகிவிட்டாள்.