நாலாம் மாடியின் நீண்ட மணி

என் அக்கா புருஷன் எங்கள் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறார். தானாக ஓடுகிற லிஃப்டுக்கு ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் லிஃப்டைப் பார்த்ததில்லை. கதவைக் கையால் தள்ளி மூடினால்தான் அது நகரும். ஆறு மாடிக்கும் அது ஒன்றுதான். ஸ்ட்ரெச்சரும் சாப்பாட்டு வண்டியும் பார்க்க வரும் சொந்தபந்தமும் அதில்தான் ஏற வேண்டும். மூலையில் ஒரு ஸ்டூல் கிடக்கிறது. அதில் உட்கார்ந்தே அத்தானுக்குத் தலை நரைத்துவிட்டது.

கதவு கெட்டி இரும்பு. வெளியே யார் நிற்கிறார்கள் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. எந்த மாடி என்று உள்ளே ஒரு விளக்கு எரியும், மற்றதை மணிதான் சொல்ல வேண்டும். பட்டனைத் தொட்டு எடுத்தால் ஆள் நிற்கிறார் என்று அர்த்தம். விடாமல் அழுத்திப் பிடித்தால் ஸ்ட்ரெச்சர். ஒவ்வொரு மாடியிலும் இதை எழுதி ஒட்டியிருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவன் சுவரைப் படிக்கிற நிலைமையிலா வருவான்?

அத்தானிடம் இரண்டு விஷயம் எல்லோருக்கும் தெரியும். ஒன்று, நீண்ட மணி அடித்தால் உள்ளே எவர் இருந்தாலும் சரி, நேரே அந்த மாடிக்குத்தான் போவார். ஒருமுறை பெரிய டாக்டரையே இறங்க வேண்டிய மாடியில் இறக்காமல் தூக்கிக்கொண்டு போனார். மேலே போய்ப் பார்த்தால் மூன்று வயதுக் குழந்தை ஒன்று பட்டனில் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் முறைத்தார், அத்தான் கதவைச் சாத்தினார். இரண்டாவது, ஜெபக்குழுக்காரர்கள் ஏறினால் அத்தான் கூரையைப் பார்ப்பார். வணக்கம் சொன்னாலும் பதில் வராது. இந்த இரண்டும் ஒரே விஷயம்தான் என்று எனக்குத் தெரிய ரொம்ப நாள் ஆயிற்று.

ஜெபக்குழு என்றால் ஐந்தாறு பெண்கள். பக்கத்துத் தேவாலயத்திலிருந்து சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் வருவார்கள். கட்டில் கட்டிலாகப் போய் உட்கார்ந்து, விசாரித்து, கண்ணை மூடி ஜெபம் செய்வார்கள். அவர்களுக்கு மூத்தவர் ஒரு அம்மாள். பையில் எப்போதும் ஆரஞ்சு வைத்திருப்பதால் வார்டில் அவருக்கு ஆரஞ்சம்மா என்றே பெயர். கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவர்கள் வந்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். நோயாளிக்கு என்ன நோய் என்று கேட்பதற்கு முன்பே சிரிப்பார்கள். நம்மிடம் ஏதோ குறைகிறது, அது தங்கள் பையில் இருக்கிறது என்பது போல ஒரு சிரிப்பு. அது எனக்குப் பிடிக்காது.

இதைக் கேண்டீன்காரரிடம் சொன்னால் போதும், ஆரம்பித்துவிடுவார். அவர் பிள்ளைக்கு அவர்கள் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கவில்லை, அதிலிருந்து உலகத்தில் நடக்கும் எல்லாக் கெடுதலுக்கும் அவர்கள்தான் காரணம். என் பெரியப்பாவுக்கு வேறு கணக்கு. படுத்துக் கிடப்பவனைப் பிடித்து மதம் மாற்றுகிறார்கள் என்பார். மாறிய ஒரு ஆளைக் காட்டுங்கள் என்றால், காட்ட முடியாதபடி ரகசியமாக மாற்றுகிறார்கள் என்பார். இவர்கள் எல்லோரும் அத்தானைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்டார்கள். அத்தான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. லிஃப்டில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "எந்த மாடி?" என்று மட்டும் கேட்பார்.

சில வருஷங்களுக்கு முன்னால் அக்கா நாலாம் மாடியில் பெண்கள் வார்டில் கிடந்தாள். மூச்சு வாங்கும், தணியும், மறுபடி வாங்கும். துணைக்கு நான் இருந்தேன். அத்தான் அதே கட்டடத்தில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தாரே தவிர, ஸ்டூலை விட்டு வர முடியாது. மத்தியானம் வாட்ச்மேன் கொஞ்ச நேரம் லிஃப்டைப் பார்த்துக்கொள்வார், அப்போது ஓடி வந்து அக்காவின் காலைப் பிடித்துவிட்டுப் போவார். சாயங்காலமானால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது ஆரஞ்சம்மாதான். அக்கா ஆமென் சொல்வாள். தண்ணீர் கொடுக்கும் நர்ஸுக்குத் தேங்க்ஸும் சொல்வாள். யார் எது செய்தாலும் திருப்பி ஏதாவது சொல்லிவிட வேண்டும் அவளுக்கு. அந்த ஆமெனைப் பெரியப்பா பிடித்துக்கொண்டார்.

ஆரஞ்சம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. கீழே இறங்க லிஃப்டுக்கு நிற்கும்போது பட்டனில் விரலை வைத்தால் எடுக்கமாட்டார். பேசிக்கொண்டே அழுத்திக்கொண்டிருப்பார். ஸ்ட்ரெச்சர் என்று நினைத்து அத்தான் அலறியடித்து வந்து கதவைத் திறந்தால் ஐந்து பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அத்தான் பொறுமையாகத்தான் சொல்வார். நீளமாக அழுத்தினால் ஸ்ட்ரெச்சர் அம்மா, தொட்டால் போதும் என்பார். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, மறந்துபோச்சு ஐயா என்று சிரிப்பார். அடுத்த நாளும் மறப்பார். நானே பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் சாயங்காலம் அக்காவுக்கு மூச்சு அடங்கவில்லை. உடனே முதல் மாடிக்கு, தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஜெபக்குழு சுவரோரம் ஒதுங்கி நின்றது. நர்ஸ் ஸ்ட்ரெச்சரைத் தள்ள, நான் ஓடிப்போய்ப் பட்டனை அழுத்திப் பிடித்தேன். கதவுக்கு மேலே எண் எரியும். இரண்டு எரிந்தது, மூன்று எரிந்தது, நான்கு எரிந்தது. பிறகு ஐந்து எரிந்தது. ஆறில் போய் நின்றது. நான் விரலை எடுக்கவே இல்லை. அது இறங்கி வந்து கதவு திறந்தபோது அத்தான் முகம் எரிச்சலாக இருந்தது. ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். அதன் பிறகு அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை.

முதல் மாடியில் அக்கா அதிக நேரம் இருக்கவில்லை. முன்னாடியே வந்திருந்தாலும் இதேதான் என்று டாக்டர் சொன்னார். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள் என்று இப்போது இங்கே வேலை பார்ப்பதால் எனக்குத் தெரியும், ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம். ஜெபக்குழு படியில் இறங்கி வந்து வராந்தாவில் நின்று மெல்லப் பாடியது. ஒருத்தி கண்ணிலும் ஈரம் இல்லை. ஆரஞ்சம்மா அத்தானின் கையைப் பிடித்து, "அழாதீங்க ஐயா, அவ நல்ல இடத்துக்குப் போயிட்டா" என்றார். அத்தான் அழவில்லை. கையை மட்டும் உருவிக்கொண்டார். அன்றிலிருந்துதான் கூரையைப் பார்ப்பது.

பிறகு அத்தான் சொல்லி எனக்கு ஆஸ்பத்திரித் தையல் அறையில் வேலை கிடைத்தது. கிழிந்த விரிப்புகளை ஒட்டுப்போட்டு மாடி மாடியாகக் கொடுத்து வருவேன். இருவரும் மத்தியானம் அந்த அறையில்தான் சாப்பிடுவோம். விரிப்பைப் பற்றிப் பேசுவோம், லிஃப்டைப் பற்றிப் பேசுவோம். அக்காவைப் பற்றிப் பேசமாட்டோம். லிஃப்ட் ஏன் நாலாம் மாடியைத் தாண்டிப் போனது என்று நான் கேட்டதே இல்லை. உள்ளே யாராவது அவசரக் கேஸ் இருந்திருக்கும் என்று நானே பதில் சொல்லி மூடி வைத்துவிட்டேன்.

இந்த வருஷம் ஆரஞ்சம்மா வந்து நாலாம் மாடியில் படுத்தார். இந்த முறை பையில்லாமல், மூக்கில் குழாயோடு. பிள்ளைகள் இல்லை, குழுவிலும் பாதிப்பேர் ஊர் மாறிப் போயிருந்தார்கள். விரிப்பு மாற்றப் போன என்னை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்தார்.

"உன் அத்தானை ஒருதடவை வரச்சொல்லும்மா. அவர் என்கிட்ட பேசறதே இல்ல. நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியாமப் போக எனக்கு மனசில்ல."

சொன்னேன். அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மறுநாளும் சொன்னேன். ஆரஞ்சம்மா நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தார், நான் வார்டுக்குள் நுழைந்தாலே என் முதுகுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார். எனக்கு அது தாங்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கத்திவிட்டேன். அக்கா ஆமென் சொன்னதையே இன்னும் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களா, பெரியப்பா மாதிரி ஆகிவிட்டீர்களா என்று கேட்டேன்.

அத்தான் கையைக் கழுவி வந்து உட்கார்ந்தார். விரிப்புக் குவியலைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னிக்கு நாலுல நீள மணி அடிச்சுது. அந்தம்மாதான்னு நினைச்சேன். அவங்களை மேல ஏத்தினது நான்தானே, இறங்கற நேரம். கொஞ்சம் நிக்கட்டும்னு ஆறுக்குப் போனேன். அங்க யாருமே கூப்பிடல."

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். நூல் உள்ளே போனது. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அழுகையும் வரவில்லை.

"அழுத்தினது நான் அத்தான்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

நூலை முடிச்சுப் போட்டுவிட்டு, அதை அந்த அம்மாளிடம் போய்ச் சொல்லிவிடுங்கள், அவர் கேட்பதும் அதைத்தானே என்றேன். அத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சொன்னா என்ன பண்ணுவாங்க தெரியுமா? அந்த நிமிஷமே மன்னிச்சிடுவாங்க. கையைப் பிடிச்சு, கண்ணை மூடி, முடிச்சிடுவாங்க. அவங்களுக்கு அது பழக்கம். என் பொண்டாட்டி செத்ததுக்கு அவங்க யாரு என்னை மன்னிக்கிறதுக்கு? எனக்கு அது வேண்டாம்."

இத்தனை வருஷம் அவர் கூரையைப் பார்த்தது இதற்காகத்தான். பள்ளிக்கூட இடமும் இல்லை, ஆமெனும் இல்லை. தன்னை எவ்வளவு வெறுத்தாரோ அவ்வளவையும் கொண்டுபோய்க் கொட்ட ஒரு முகம் வேண்டியிருந்தது அவருக்கு. சிரிக்கிற முகமாக ஒன்று கிடைத்தது. அந்தச் சிரிப்பில் எனக்கும் எரிச்சல் இருந்ததால் நானும் ஏன் என்று கேட்கவில்லை.

என்னிடம் சொன்ன பிறகு அடைத்து வைக்க முடியவில்லையோ என்னவோ, மறுநாள் மத்தியானம் வாட்ச்மேனை லிஃப்டில் உட்கார வைத்துவிட்டு அத்தான் நாலாம் மாடிக்குப் படியேறிப் போனார். நான் பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றுகிற சாக்கில் நின்றேன். ஆரஞ்சம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார். அத்தான் உட்காரவில்லை. என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளை, கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, ஊசி போடக் கையை நீட்டிக் காத்திருப்பவர் போல நின்றார்.

ஆரஞ்சம்மா அவர் கையைப் பிடிக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போனது.

"நீளமா அழுத்தாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னீங்க" என்றார்.

"நிறைய தடவை."

"நான் சிரிச்சேன்."

"ஆமா."

பிறகு அவர் அழுதார். ஜெபம் இல்லை, ஸ்தோத்திரம் இல்லை, மூக்குக் குழாய்க்குள் தண்ணீர் இறங்க, வாயைக் கோணிக்கொண்டு அழுதார். அந்தப் பெண்களில் ஒருவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. என்னை மன்னிக்க முடியுமா ஐயா என்று கேட்டார்.

"தெரியலம்மா" என்றார் அத்தான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அதன் பிறகு தினமும் மத்தியானம் போனார். என்னோடு சாப்பிடுவது நின்றுபோனது. அவர்கள் என்ன பேசினார்கள் என்றால், ஒன்றும் பேசவில்லை. அத்தான் ஆரஞ்சு உரிப்பார், நார் எடுத்துச் சுளை சுளையாக வைப்பார், அவர் இரண்டு சுளை தின்பார். ஜெபம் பண்ணட்டுமா என்று ஒருநாளும் கேட்கவில்லை, மன்னித்தீர்களா என்றும் மறுபடி கேட்கவில்லை. கேண்டீன்காரர் என்னைப் பிடித்து, உன் அத்தானையும் இழுத்துவிட்டார்களா என்று விசாரித்தார். ஆமாம், தினம் இரண்டு சுளைக்கு என்றேன். நான் அத்தானை மன்னித்துவிட்டேனா என்று மட்டும் யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் எனக்கும் தெரியாது.

ஆரஞ்சம்மா ஒரு காலையில் போனார். நாலாம் மாடியில் நீண்ட மணி அடித்தது, அத்தான் நேரே வந்தார். ஸ்ட்ரெச்சரில் நான் ஒட்டுப்போட்ட விரிப்புதான் மூடியிருந்தது. குழுவில் மிச்சமிருந்த மூன்று பெண்களும் நானும் கூடவே ஏறினோம். அத்தான் கதவைத் தள்ளி மூடினார். அந்தப் பெண்களில் ஒருத்தி தொண்டையைச் செருமிப் பாட ஆரம்பித்தாள்.

அத்தான் கூரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"இப்ப வேண்டாம்மா. கீழ போய்ப் பாடுங்க. இவங்க என் பொண்டாட்டிக்காக அழுதவங்க."

அவள் நிறுத்தினாள். அத்தானின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை, ஒரு கை ஸ்ட்ரெச்சரைப் பிடித்திருந்தது, இன்னொரு கை பட்டனில் இருந்தது. மேலே எண் மூன்றாகி, இரண்டாகி, ஒன்றானது. இடையில் யாரோ எங்கோ மணியைத் தொட்டு எடுத்தார்கள். கீழே போய்விட்டு வருகிறேன் என்று அத்தான் கதவைப் பார்த்துச் சொன்னார்.