குண்டான் அங்கே, தட்டு இங்கே

எங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், பழைய துண்டில் சுற்றிய இட்லித் தட்டுகள் மூன்று இருக்கின்றன. அவற்றுக்குரிய குண்டான் வளைகுடா நாடொன்றில், என் மகள் தங்கியிருக்கும் விடுதி அறையில் இருக்கிறது. இரண்டும் பிரிந்த மாலையை நினைக்காமல் நான் இட்லி மாவு கரைத்ததில்லை.

மகளும் மருமகனும் ஒரே கல்லூரியில் நர்சிங் முடித்தவர்கள். மருமகன் நெல்லிக்குப்பத்துக்காரர், அவருடைய அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். கல்யாணமான கையோடு இருவரும் வெளிநாட்டு வேலைக்கு முயன்றார்கள். ஒரே ஆஸ்பத்திரியில் இருவருக்கும் வேலை, குடும்பத்தோடு தங்க ஓர் அறை என்றுதான் சென்னை ஏஜென்ட் சொன்னான். அந்த நாட்டுத் தேர்வில் மகள் தேறினாள், மருமகன் தேறவில்லை. இப்போதைக்கு ஹெல்பர் விசாவில் வரட்டும், அங்கே போய் மறுபடி எழுதி நர்ஸ் ஆகிவிடலாம் என்றான் ஏஜென்ட்.

மருமகன் தயங்கினார். "ஹெல்பரா போயிட்டா, அப்பறம் நான் நர்ஸுன்னு சொன்னா யாரு மாமா நம்புவாங்க?" என்று என் கணவரிடம் கேட்டார். என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து, உடுப்பைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். "நானும் கான்ட்ராக்ட்ல போனவன்தான் மாப்ள. கேட்டுக்கு வெளிய நிக்கிறவனை எவனும் பர்மனென்ட் பண்ண மாட்டான். மொதல்ல உள்ள பூந்துடணும்" என்றார்.

எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் அது வெறும் பேச்சில்லை, வாழ்ந்து பார்த்தது. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய மண்ணைக் கான்ட்ராக்டில் அள்ளி அள்ளித்தான் அவர் பர்மனென்ட் ஆனார். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு இந்தக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. எங்கள் பிளாக்கில் பாதி வீடுகளின் கதை அதுதான். உள்ளே போனவர்கள் எப்படியும் மேலே வந்துவிடுவார்கள் என்பதற்கு நாங்களே சாட்சியாக இருந்தோம். அந்த நாட்டில் எந்த வாசல் வழியாகப் போகிறோமோ அதுதான் கடைசிவரை என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. நானும் ஆசிரியைதான், டவுன்ஷிப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள்தான், எனக்கும் தெரியாது.

ஒரே வீடு என்று நம்பியதால் ஒரே குடித்தனத்துக்குத்தான் சாமான் கட்டினோம். பழைய பேப்பர் கடையிலிருந்து கொக்கித் தராசை வாங்கி வந்து பெட்டிகளை நிறுத்தபோது மகளின் பெட்டியில் எடை கூடியது. குண்டானை அவளிடமே விட்டு, தட்டுகளை எடுத்து, அடுத்த மாதம் கிளம்பவிருந்த மருமகனின் பெட்டியில் வைத்தேன்.

"அப்ப நான் வர்ற வரைக்கும் இவளுக்கு இட்லி கெடையாதுங்களா அத்த?" என்று சிரித்தார் மருமகன்.

"நீ மெதுவாவே வா. அதுவரைக்கும் குண்டான்ல வெந்நி போட்டுக் குளிச்சிக்கிறேன்" என்றாள் மகள்.

விமான நிலையத்திலிருந்து மருமகனை ஏற்றிக்கொண்ட வேன் அவளுடைய ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பாலைவனத்தில் எங்கோ சாலை போடும் இடத்தின் முதலுதவி அறையில் இறக்கிவிட்டது. அங்கே அவருடைய படிப்பை யாரும் கேட்கவில்லை. தேர்வெழுத முதலாளியின் அனுமதி வேண்டும். அது வரவே இல்லை. சில நாட்களில் முதலுதவி அறையிலிருந்தும் எடுத்து வெயிலில் சாலை வேலைக்கு விட்டார்கள். போனில் மட்டும் பழையபடியே பேசுவார். "தட்டு சும்மா இல்லீங்க அத்த, குழிக்கு ஒரு சோப்பா ரூம்ல நாங்க எல்லாரும் வச்சிகினு இருக்கோம்" என்பார். மகள் குண்டானில் சோறு வடித்தாள். இருவரும் பார்த்துக்கொண்டதே அபூர்வம்.

கழிப்பறை வெகுதூரம் என்பதால் வேலை நேரத்தில் அங்கே யாரும் தண்ணீர் அதிகம் குடிப்பதில்லையாம். உடம்பு என்ன ஆகும் என்று படித்தவர்தான் அவரும். ஒரு நாள் மயங்கி விழுந்தார். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் போய்விட்டன என்று யாரோ ஒருவருடைய போனிலிருந்துதான் மகளுக்குச் செய்தி வந்தது. சென்னை விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வெளியே வந்தவரைப் பார்த்ததும் என் கணவர் போய் நாற்காலியைத் தானே தள்ளினார். பெட்டியை நான்தான் தூக்கினேன். உள்ளே தட்டுகளின் குழிகளில் சோப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

இப்போது மருமகன் எங்களோடுதான் இருக்கிறார். வடலூர் வழியாகக் கடலூருக்குப் பஸ்ஸில் டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறோம். ஊசி போட வரும் பெண் கை நடுங்கினால், நரம்பு எங்கே எழும்பியிருக்கிறது என்று தடவிக் காட்டி அவரே தைரியம் சொல்கிறார். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு. ஷிப்ட் சங்கு ஊதி வீடு திரும்பும் என் கணவர் சமையலறைக்குள் வந்து, மருமகன் கண்ணில் படாமல் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார். உள்ளே பூந்துவிட வேண்டும் என்று அவர் இப்போது யாரிடமும் சொல்வதில்லை. மகளால் திரும்பி வர முடியாது. அவள் சம்பளத்தில்தான் இந்த உயிர் ஓடுகிறது.

போன வாரம் எங்கள் பிளாக்கிலிருந்து ஒருவர் மகள் இருக்கும் ஊருக்குப் போவதாகவும், ஏதாவது கொடுத்தால் கொண்டுபோவதாகவும் சொன்னார். முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த என்னிடம் மருமகன் மெல்ல எழுந்து வந்தார்.

"அந்தத் தட்டயும் குடுத்துவுட்டுடுங்க அத்த. அவளாவது இட்லி ஊத்தித் துன்னட்டும்."

மகளிடம் போனில் கேட்டேன். "வேணாம்மா. அது அவரு பெட்டியில வர வேண்டியது" என்றாள்.

முறுக்கும் ஊறுகாயும் மட்டும் போயின. மகள் சொன்னதை மருமகனிடம் சொன்னேன். அவர் துண்டின் நுனியைப் பிடித்து இழுத்து, அலமாரியிலிருந்து தட்டுகளைத் தானே இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு, குழிகளின் ஓரத்தில் இன்னும் ஒட்டியிருந்த சோப்பை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டினார். மேல்தட்டில் திரும்ப வைக்க அவருக்குக் கை எட்டவில்லை. நான் வாங்கி வைத்தேன்.