பூரணம் உடுத்திவிட்ட அரசி

எங்கள் பெண்கள் கலாசாலை மேடையில் நான் மூன்று முறை அரசியாக இருந்திருக்கிறேன். முடி காகித மட்டையில் வெட்டியது, வாள் பனைமட்டையில் சீவியது. உடுப்பு மாத்திரம் அசல். அந்த அசலைத் தந்தவள் பூரணம்.

பூரணம் கட்டாடியின் மனைவி. பாதிக் கொக்குவிலுக்கு அவர்கள்தான் துணி வெளுத்தார்கள். அவள் கல்லில் வேட்டி அடித்த சத்தத்துக்குக் காங்கேசன்துறை ரயில் ஒருநாள் பயந்து நின்றுவிட்டது என்று நான் சொல்வதுண்டு. ரயில் நின்றது உண்மை. காரணத்தை மட்டும் கொஞ்சம் திருத்தினேன்.

கலியாண வீடோ செத்த வீடோ, எங்கள் ஊரில் கட்டாடி வந்து கூரைக்குக் கீழே வெள்ளைத் துணி கட்டவேண்டும். கலாசாலை நாடகத்துக்கும் பூரணம் வந்து மேடைக்கு மேலேயும் பக்கங்களிலும் வெள்ளை கட்டுவாள். கட்டி முடிந்ததும் இன்னொரு பொட்டளி அவிழும். பட்டுச் சேலை, சரிகைச் சால்வை, மந்திரிக்குத் தலைப்பாகை. எல்லாம் ஊரார் வெளுக்கப் போட்டவை. எல்லாருக்கும் தெரியும், தன் வீட்டுத் துணி என்று மட்டும் ஒருவரும் நினைப்பதில்லை. ஆனால் அவளிடம் ஒரு சட்டம் இருந்தது.

"ஆர் ஆர் ரிக்கற் வாங்கினவை, பிள்ளை?" என்று நாடகச் சீட்டு வாங்கியவர்களை முதலில் விசாரிப்பாள்.

பெயர்களைச் சொல்லுவோம். வருகிறவர்களின் துணி பொட்டளியின் அடிக்குப் போகும். வராதவர்களின் துணி மேடைக்கு ஏறும். சொந்தக்காரி பார்த்திருக்க அவள் சேலையை இன்னொருத்தி கட்டக்கூடாது, அதுதான் மரியாதை.

இதற்கு அவள் கூலி கேட்டதேயில்லை. "பெட்டையள் மேடையிலையாவது பட்டுக் கட்டட்டும்" என்பாள். எங்களில் பலர் உடம்பில் பட்ட முதல் பட்டு அவள் கொண்டுவந்ததுதான். என்னுடையதும் அப்படியே.

மலேரியாக் காய்ச்சல் தெற்கே ஊரூராக ஆட்களை வாரிக்கொண்டு போன வருடம், தாய் தகப்பன் இல்லாமற்போன குழந்தைகளுக்குப் பால் அனுப்ப நாடகம் போட்டோம். பஞ்சம் வந்த நாட்டில் ஒரு அரசி தன்னிடம் உள்ளதையெல்லாம் குடிகளுக்குக் கொடுத்துவிடுகிறாள். கடைசிக் காட்சியில் தோளில் போர்த்த பட்டையும் கழற்றி மேடைக்கு முன்னால் உள்ள மேசையில் வைக்கவேண்டும். அந்த அரசி நான்.

தோளில் போர்க்கப் பூரணம் எனக்குக் கொண்டுவந்தது கருஞ்சிவப்புப் பனாரஸ் சேலை. உடையவள் கமலாவதி; மலாயாவில் உத்தியோகம் பார்ப்பவரின் மனைவி. லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, அலசி மடித்து மாமி வீட்டில் கொடுக்கச் சொல்லிப் பூரணத்திடம் விட்டுப்போயிருந்தாள்.

"அவ கப்பலிலை நிக்கிறா. பயப்பிடாமல் போர்த்துக்கொள், பிள்ளை" என்றாள் பூரணம்.

கப்பல் பிந்திவிட்டது. கமலாவதி கொழும்பிலிருந்து அன்று காலை ரயிலில் திரும்பிவிட்டாள். பின்னேரம் மச்சாள், புருஷனின் தங்கை குணலட்சுமியோடு வந்து முன்வரிசையில் அமர்ந்தாள். நான் மேடையில் பாதி வசனம் பேசியபோதுதான் அவளைக் கண்டேன். பிறகு நான் பேசியது எந்த நாட்டு அரசியும் பேசியிராத வசனம். சனம் அழுதது. பஞ்சத்துக்கு என்று நினைத்தார்கள்.

ஒத்திகையில் பழகியபடி பட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். பழகிய நாட்களில் அந்த மேசை வெறுமையாக இருந்தது. அன்றைக்கு அதில் சனம் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காய், வாழைக்குலை, கால் கட்டிய இரண்டு பேட்டுக்கோழி. தலைமை மிசியம்மா வெள்ளைக்காரர், தேவாலய அறுப்புத் திருவிழாக்களில் பழகியவர். மேசையில் வைத்தது காணிக்கை, காணிக்கை என்றால் ஏலம். பேடுகளையும் பூசணியையும் விற்றுவிட்டுப் பனாரசைத் தூக்கிப் பிடித்தார்.

"அழகான சேலை. யார் கேட்கிறீர்கள்?"

வெள்ளைக்குப் பின்னால் பூரணத்தின் முகம் வெள்ளையை விட வெளுத்திருந்தது. வாய் திறக்காவிட்டால் சேலை போய்விடும். திறந்தால், துணி போடும் வீடெல்லாம் நிறைந்திருந்த அந்த மண்டபத்தில் அவள் பிழைப்புப் போய்விடும். என் கையைப் பிடித்திருந்தவள், விட்டுவிட்டு மேடைக்கு முன்னால் போனாள்.

"நிப்பாட்டுங்கோ, மிசியம்மா. உது காணிக்கை இல்லை. வெளுக்கத் தந்த சீலை. நான்தான் எடுத்துப் பிள்ளைக்குப் போர்த்திவிட்டனான்."

பேடுகளும் வாய் மூடிக்கொண்டன. எல்லாத் தலைகளும் மந்திரியின் சால்வைப் பக்கமும் சேவகனின் வேட்டிப் பக்கமும் திரும்பத் தொடங்கின.

கமலாவதி எழுந்தாள். "என்ரை சீலைதான்" என்றாள். "அதுக்கேன் எல்லாரும் பூரணத்தை முறைக்கிறியள்? என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு எங்கடை வீட்டிலை ஒரு நல்ல சீலை இல்லை. அம்மா பூரணத்திட்டைத்தான் ஓடினவ. அவள் கொண்டுவந்த நீலப்பட்டைக் கட்டிக்கொண்டுதான் நான் சபைக்கு வந்தனான். அது ஆரின்ரை சீலை எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

குணலட்சுமி மெல்லக் கேட்டாள்: "நீலமோ? மாங்காய்க் கரை போட்டதோ?"

"ஓம், மச்சாள்."

"அது என்ரையடி. பொம்பிளை பாக்க வந்து உன்ரை முகத்தைப் பாக்காமல், உந்தச் சீலையை எங்கை கண்டனான் எண்டு யோசிச்சுக்கொண்டெல்லோ இருந்தனான். பொம்பிளை எப்பிடி எண்டு அண்ணை கேக்க, நல்ல வடிவு எண்டு சொல்லிப்போட்டன்."

சிரிப்பில் பூரணம் கட்டிய வெள்ளை அசைந்தது. மிசியம்மாவுக்குப் பாதிதான் விளங்கியது, அவரும் சிரித்தார்.

"ஏலத்தை விடுங்கோ, மிசியம்மா. குழந்தையளின்ரை பாலுக்குத்தானே. நான் கேக்கிறன்" என்றாள் கமலாவதி.

"அப்ப நானும் கேப்பன். எனக்கொரு பழைய கணக்கிருக்கு" என்றாள் குணலட்சுமி.

மச்சாள்மார் இருவரும் ஏற்றிய ஏற்றத்தில் அந்தச் சேலையின் விலைக்கு இன்னொரு கப்பலே வாங்கியிருக்கலாம். கடைசியில் கமலாவதிக்கே விழுந்தது. அவள் அதை வாங்கி, மடித்து, நேரே பூரணத்தின் கையில் வைத்தாள்.

"பிள்ளை வேர்த்துக் கொட்டிப்போட்டுது. இன்னொருக்கா அலசித் தா, பூரணம்."

பூரணம் சேலையை வாங்கி முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் கண் துடைக்க ஒரு தலைப்புத் தந்தாள்.

ஆனாலும் அடுத்த நாள் ஊருக்குள் போக அவளுக்குக் கால் வரவில்லை. மேடையில் சால்வையைப் பார்த்தவர்கள் என்ன சொல்வார்களோ. மதியம் தாண்டித்தான் புறப்பட்டாள். முதல் வீட்டுப் படலை குணலட்சுமியுடையது. அவள் ஒரு பச்சைப் பட்டை எடுத்து நீட்டினாள். ஊத்தையும் இல்லை, கசங்கலும் இல்லை. கடை மடிப்புக்கூடக் குலையவில்லை.

"உதிலை என்னத்தை வெளுக்கிறது, நாச்சியார்?" என்று கேட்டாள் பூரணம்.

"உன்னட்டைக் கிடக்கட்டும். அடுத்த நாடகம் எப்பவாம்?"